கடல் கடந்து செல்லும் குழந்தை



மும்பையில் பணிபுரியும் ஒரு தாய்க்குச் சிங்கப்பூரில் நல்ல வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவரைப் பிரிந்து வாழும் அவரிடம் எட்டு வயது மகன் வளர்கிறான். ஞாயிறுதோறும் தந்தை வந்து மகனை அழைத்துச் சென்று, பொழுது சாய்ந்ததும் கொண்டுவந்து விடுகிறார். தாய் சென்றால் மகனும் செல்வான்; மகன் சென்றால் தந்தைக்கு அந்த ஞாயிறு இல்லை. வேலையைத் துறக்கச் சொல்வதும் கொடுமை. மகனை மறக்கச் சொல்வதும் கொடுமை. இத்தகைய வழக்கில் நம் நாட்டுச் சட்டம் எதனை அளவுகோலாகக் கொள்கிறது?

தமிழகத்தை விட்டு வந்து வாழும் நமக்கு, எந்த ஊர் நீதிமன்றத்தை நாடுவது என்ற ஐயம் முதலில் எழும். சொந்த ஊர் தஞ்சையா நெல்லையா என்பது இங்கே பொருட்டன்று. 1890 ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்தல் வேண்டும். குடும்ப நீதிமன்றம் உள்ள நகரங்களில் அதுவே இவற்றை விசாரிக்கிறது. நீதிமன்றத்தால் நியமிக்கப்பெற்ற காப்பாளர், அதன் அனுமதியின்றிக் குழந்தையை அதன் எல்லைக்கு அப்பால் கொண்டு செல்லலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது.

சட்ட ஏடுகளை மொழிபெயர்க்கும்போது இரு சொற்களைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. 'கார்டியன்' என்பவர் காப்பாளர். 'கஸ்டடி' என்பது குழந்தை யார் வசம் வளர்கிறது என்பது. தந்தை காப்பாளராக இருக்க, குழந்தை தாயின் வசம் வளரலாம். ஆனால் இவ்விரண்டுக்கும் மேலாக ஒரு சொல் உண்டு, அது 'நலன்'. குழந்தையின் நலனே தலையாயது என்பது 1956 ஆம் ஆண்டின் இந்து மைனர், காப்பாளர் சட்டத்தின் தெளிவான விதி. பெற்றோருள் வென்றவர் யார் என்பதன்று கேள்வி. குழந்தைக்கு நன்மை எது என்பதே கேள்வி.

2010 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்திருந்தது. நீதிபதிகள் சிறுவனோடு பேசி, தாயுடன் இருக்கவே அவன் விரும்புவதை அறிந்தனர். குழந்தையைப் பற்றிய ஆணை, சூழ்நிலை மாறும்போது தானும் மாறத்தக்கது. பழைய ஆணையைக் காட்டித் தாயின் வாழ்வை முடக்கலாகாது என்று கூறி அனுமதித்தனர். எனினும், தந்தை மகனைக் காணும் உரிமையை அவர்கள் அழிக்கவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. தில்லியில் தாயுடன் வளர்ந்த சிறுவனைக் கென்யாவில் வாழும் தந்தையிடம் அனுப்ப 2020 இல் அதே நீதிமன்றம் இசைந்தது. நைரோபி நீதிமன்றத்தில் அவ்வாணையைப் பதிவு செய்து வருமாறு நிபந்தனையும் விதித்தது. சிறுவன் சென்றபின் தந்தை நிபந்தனைகளைக் காக்கவில்லை. 2021 இல் நீதிமன்றம் தன் ஆணையைத் திரும்பப் பெற்று, சிறுவனை மீட்கும் பொறுப்பை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் அளித்தது.

ஒருதலையாகக் கொண்டு செல்லப்பட்ட குழந்தையை விரைவில் திருப்பியனுப்புவதற்கென 1980 இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா அதில் சேரலாம் என்று 2009 இல் நம் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. இந்தியா இன்னும் சேரவில்லை. ஆதலின் இங்குப் பெற்ற ஆணை அங்கே தானாகவே செல்லும் என்று நம்பியிருத்தல் தவறு.

ஆகவே, செல்ல விரும்புபவர் பயணத்துக்கு முன்பே அனுமதி கேட்டல் வேண்டும். குழந்தையின் பாஸ்போர்ட்டு ஒருவர் கையில் இருப்பது மற்றவரின் சம்மதம் ஆகாது. சேரவிருக்கும் பள்ளி, தங்கும் வீடு, தாம் வேலைக்குச் செல்லும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஆகிய விவரங்களை நீதிமன்றத்தின் முன் வைத்தல் நன்று. இங்கேயே தங்குபவர், 'கூடாது' என்பதோடு நின்றுவிடாமல், வாரத்தில் எந்நாள், எந்நேரம் முகம் பார்த்துப் பேசுவது, விடுமுறையில் எத்தனை நாள் தம்முடன் இருப்பது, பயணச் செலவு யாருடையது என்பவற்றை ஆணையிலேயே எழுதக் கேட்டல் வேண்டும். அயல்நாட்டு நீதிமன்றத்திலும் அதனைப் பதிவு செய்யக் கோருதல் வேண்டும். குழந்தை புறப்பட்ட பின் கேட்பது கடினம்.

ஆண்டுக்கொரு முறை ரயிலேறி ஊர் செல்லும் நமக்கு, தூரம் உறவைத் தேய்ப்பதும் தெரியும். தவறாமல் வந்த கடிதம் அவ்வுறவைக் காத்ததும் தெரியும். பெற்றோர் பிரிந்தது அவர்களுடைய முடிவு. அப்பிரிவின் பாரத்தைக் குழந்தையின் பெட்டியில் வைத்து அனுப்பாதிருப்பது அவர்களுடைய கடமை.