கற்பனைக்கும் கணக்கு உண்டு

கட்டுக்கதை எழுதுபவனுக்குக் கட்டுப்பாடு ஏது என்று வினவுவோர் உளர். விஞ்ஞானப் புனைகதை எழுதுவோனோ ஒரு பொய்யைச் சொல்லுமுன் பல மெய்களைக் கற்றாக வேண்டியவன். இத்தொழிலின் இயல்பை அறிய, 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008ஆம் ஆண்டில் கொழும்பிலேயே கண்மூடிய ஆதர் சி. கிளார்க்கின் எழுத்து வாழ்வை நோக்குதல் தகும்.

இங்கிலாந்தின் மைன்ஹெட் என்னும் கடற்கரையூரில் 1917இல் பிறந்த கிளார்க், இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் ராடார்ப் பணி புரிந்தார். 1945இல் வானொலித் தொழில்நுட்பச் சஞ்சிகையொன்றில் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். மத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதி சுற்றுமாயின், பூமி தன்னைத்தான் ஒருமுறை சுற்றும் நேரத்தில் அதுவும் ஒருமுறை சுற்றி முடிக்கும். ஆதலின் நிலத்தில் நிற்போனுக்கு அது அசையாதிருப்பதாகவே தோன்றும். அத்தகைய மூன்று செய்மதிகள் உலகு முழுவதற்கும் ஒலிபரப்பப் போதும் என்று அவர் காட்டினார். 1964இல் அவ்வகைச் செய்மதியொன்று தோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைப் பசிபிக் கடல் கடந்து அனுப்பிற்று. கிளார்க் காப்புரிமை எதுவும் பெற்றிருக்கவில்லை.

போருக்குப் பின் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் பயின்று 1948இல் முதல் வகுப்பில் தேறினார். பின்னர், பௌதிக ஆய்வுகளின் சுருக்கங்களை வெளியிடும் சஞ்சிகையில் உதவியாசிரியரானார். பிறர் ஆராய்ச்சிகளைப் படிப்பதே தொழில். அதற்குச் சம்பளமும் உண்டு! கதை எழுத விழைவோனுக்கு இதனினும் நல்ல பள்ளிக்கூடம் வாய்ப்பது அரிது. விண்வெளிப் பயணத்தை விளக்கி 1951இல் அவர் வெளியிட்ட நூல் பெரிதும் விலைப்பட்டது. எழுத்தையே நம்பி வாழலாம் என்னும் துணிவை அதுவே நல்கிற்று எனலாம். கதை அன்று, கட்டுரை நூலே சோறிட்டது.

வானொலி நேயர்க்குச் சுவையானதொரு செய்தியும் உண்டு. சந்திரனில் வேற்றுலகத்தார் விட்டுச்சென்ற ஒரு பொருளைப் பற்றி 1948இல் பி.பி.சி. சிறுகதைப் போட்டிக்கு அவர் ஒரு கதை அனுப்பினார். பரிசு கிட்டவில்லை. அக்கதையே இருபது ஆண்டுகளின் பின், ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய '2001' என்னும் திரைப்படத்துக்கு வித்தாயிற்று.

அவரை இத்தீவுக்கு ஈர்த்தது கடல். நீருக்குள் மிதப்போன், விண்வெளியில் எடையற்று மிதப்போனின் நிலையை ஓரளவு உணர்கிறான் என்பது அவர் கருத்து. நண்பர் மைக் வில்சனுடன் திருக்கோணமலையில் சுழியோடியபோது, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடக்கக் கண்டனர். அதனை 1957இல் ஒரு நூலில் எழுதினார்.

அவருடைய தொழில் நுணுக்கத்தைத் தெளிவாகக் காட்டுவது 1979இல் வெளிவந்த 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்னும் நாவல். பூமியிலிருந்து விண்வெளிவரை கயிறு கட்டி, அதன் வழியே மனிதரையும் பொருள்களையும் ஏற்றியிறக்கும் மின்தூக்கியே கதைப்பொருள். லெனின்கிராட் பொறியியலாளர் யூரி ஆர்ட்சுதானவ் 1960இல் இதனை முன்மொழிந்திருந்தார். சிவனொளிபாதமலையையும் சீகிரியாவையும் பெயர் மாற்றிக் கதைக்களமாக்கிய கிளார்க்குக்கு ஓர் இடர் நேர்ந்தது. கயிற்றின் அடி மத்திய கோட்டில் அமைய வேண்டும். இலங்கையோ அதற்கு வடக்கே உள்ளது. அவர் கணக்கை வளைக்கவில்லை. தீவையே தெற்கே நகர்த்தி, மலையின் உயரத்தையும் இரட்டித்து, இவற்றை நூலின் இறுதியில் ஒளியாது கூறிவிட்டார். இத்துணைப் பாரத்தைத் தாங்கும் கயிறு எதனால் ஆகும் என்பதற்கும் வைரப் படிகத்தாலான நுண்ணிழை ஒன்றைக் கற்பித்தார். அவ்வளவு நீளமான கயிற்றை இன்றுவரை எவரும் செய்திலர்.

அதே ஆண்டில் சார்ல்ஸ் ஷெஃபீல்ட் என்னும் எழுத்தாளரும் விண்வெளி மின்தூக்கியை வைத்தே ஒரு நாவலை வெளியிட்டார். களவுப் பழி எளிதில் எழக்கூடிய தருணம் அது. பெரும்புகழ் பெற்றிருந்த கிளார்க் வாளாவிருந்திருப்பின் இளைய எழுத்தாளர்மீதே உலகம் ஐயுற்றிருக்கும். அவரோ அமெரிக்க விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் சங்கத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, இருவரும் தனித்தனியே ஒரே எண்ணத்தை அடைந்தனர் எனத் தெரிவித்தார்.