களப்பதிவுக் காணொளிகளில் கருமை, வெண்மை மட்டங்கள்: பத்துமலைத் தைப்பூசப் பதிவுகளை முன்வைத்து

சடங்கு, கூத்து, வாய்மொழி வழக்காறு ஆகியவற்றைக் காணொளியாகப் பதிவுசெய்வது இன்று களஆய்வின் இயல்பான கூறாகிவிட்டது. அப்பதிவுகள் கருத்தரங்கிலோ வகுப்பறையிலோ காட்டப்பெறுமுன் பெரும்பாலும் நிறத்திருத்தம் பெறுகின்றன. அத்திருத்தத்தின் முதற்படி, கருமை மட்டத்தையும் வெண்மை மட்டத்தையும் அமைப்பதாகும். இதனைப் படத்தை அழகுபடுத்தும் வேலையாகக் கருதுவோர் பலர். உண்மையில், சான்றின் எப்பகுதி புலப்பட வேண்டும், எப்பகுதி மறைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் செயலும் இதுவே. பத்துமலைத் தைப்பூசப் பதிவினை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்க முற்படுகிறது.

எட்டு பிட் காணொளியில் ஒளிர்வு 0 முதல் 255 வரையிலான எண்களால் குறிக்கப்பெறும். ஐடியூ 601, 709 ஆகிய தொலைக்காட்சிப் பரிந்துரைகள் 16ஐக் கருமையாகவும் 235ஐ வெண்மையாகவும் கொள்கின்றன. கணினிப் படங்களிலோ 0 கருமை, 255 வெண்மை. முன்னதைப் பின்னதாக மென்பொருள் கொண்டால் படம் வெளிறிச் சாம்பல் பூத்து நிற்கும். பின்னதை முன்னதாகக் கொண்டால் நிழல்கள் இருளில் அமிழும். எனவே, திருத்தத் தொடங்குமுன் குறை படத்திலா, அளவுகோலிலா என்று பார்ப்பது நலம். பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவோர்க்கு மேலும் ஒரு குறிப்பு: வட அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் கருமை 7.5 அலகு உயர்த்தி வைக்கப்பெற்றது. அனலாக் ஒளிபரப்பு 2019இல் முடிவுறும்வரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கிய பால் முறையில் அவ்வுயர்த்தல் இல்லை. அமெரிக்கக் கையேடுகளை அப்படியே பின்பற்றினால் கருமை பிசகும்.

பத்துமலையில் ஒளிநிலை கடுமையானது. 272 படிகளில் வெயில் கொட்டும். மேலே குகைக்குள் அரையிருள். அதனூடே கூரைத் திறப்பின் வழி இறங்கும் பேரொளி. குகையுள் எடுத்த ஒரு காட்சியில் மிக இருண்ட புள்ளி 30, மிக ஒளிர்ந்த புள்ளி 200 எனக் கொள்வோம். 30ஐ 16க்கு இறக்கி, 200ஐ 235க்கு ஏற்றினால், 170 படிநிலைகளின் இடைவெளி 219ஆக விரியும். 100 என்ற மதிப்பு ஏறத்தாழ 106 ஆகும். படம் தெளிவு பெறும். ஆனால் புதிய விவரம் எதுவும் பிறப்பதில்லை. இருந்த படிநிலைகளே விலகி நிற்கின்றன. இரைச்சற் புள்ளிகளும் உடன் பெருகுகின்றன. பொதுவாகக் கருமையை முதலிலும் வெண்மையை அடுத்தும் அமைத்து, இடைநிலை ஒளியைக் காமாவால் சரிசெய்வர். ஒன்றை நகர்த்த மற்றதும் சற்று அசையுமாதலால் ஓரிருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். கண் எவ்வொளிக்கும் பழகிவிடும் இயல்பினது. ஆகவே, வேவ்ஃபார்ம் எனப்படும் அலைவரைவை நோக்கியே முடிவுசெய்தல் தகும்.

எல்லாக் காட்சியிலும் முழுக்கருமை இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. சாம்பிராணிப் புகை நிறைந்த காட்சியில் அஃது இல்லாமலே போகலாம். தானியங்கித் திருத்தம் இதனை அறியாது புகையையே அழித்துவிடும். வெண்மையிலும் இத்தகைய தேர்வு உண்டு. வெள்ளிக் குடத்தில் தெறிக்கும் மினுக்கம் வெட்டுப்பட்டால் இழப்பில்லை. வெள்ளை வேட்டியின் மடிப்பு வெட்டுப்படலாகாது. பல கருவிகள் 235க்கு மேலும் ஒளியைப் பதிவுசெய்கின்றன. வெண்மையை முதலில் தாழ்த்தினால் அவ்விவரம் மீளும். உச்சத்தில் வெட்டுண்டது மீளாது.

மிகுந்த கவனம் வேண்டுவது முகங்களில்தான். 20ஆம் நூற்றாண்டில் கோடாக் நிறுவனம் படம் அச்சிடுவோர்க்கு வழங்கிய ஷேர்லி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளை இனப் பெண்ணின் முகமே அளவையாக இருந்தது. கருநிற முகங்கள் அலைவரைவில் தாழ்வாகவே அமையும். படம் ‘எடுப்பாக’ இருக்கவேண்டுமென்று கருமையை அழுத்தினால், அலகு குத்திய கன்னமும், அருகில் வேல் வேல் என முழங்கும் உறவினரின் முகக்குறிப்பும் முதலில் மறைகின்றன. ஆய்வாளர் தேடுவது பெரும்பாலும் அவற்றையே. காமாவைச் சிறிது உயர்த்துவதே இதற்கு ஏற்ற வழி. அதற்காக முகத்தை வெளுக்கச் செய்வதும் திரிபேயாகும்.

அசற்கோப்பினைத் திருத்தாது தனியே பேணுதல் வேண்டும். திருத்திய படியில் கையாண்ட கருமை, வெண்மை, காமா எண்களையும் மென்பொருளின் பெயரையும், இடம், நாள், தகவலாளி விவரங்களோடு களக்குறிப்பிலேயே எழுதிவைக்கலாம். அதற்கு இரண்டு வரிகள் போதும்.