தாதுவைத் தாங்கும் நுரை

சவர்க்காரம் கரைத்த நீரைக் குழலிற் கொண்டு ஊதிக் குமிழிவிட்டு மகிழாதார் நம்முள் எவரும் இலர். அவ்விளையாட்டிற்கு நெருங்கிய உறவுடைய தொழிலொன்று ஈயம், செம்பு, துத்தநாகம் ஆகிய உலோகங்களிற் பெரும்பகுதியை உலகிற்கு அளித்து வருகின்றது. அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆஸ்திரேலியாவிலுள்ள புரோக்கன் ஹில் என்னுமிடத்தில் 1883-ஆம் ஆண்டு ஈயமும் வெள்ளியும் துத்தநாகமும் விரவிய தாது கண்டுபிடிக்கப்பட்டது. ஈயத்தாது நீரினும் ஏழரை மடங்கு கனமுடையதாதலின், அரைத்து அலசிய அளவிற் பெரும்பாலும் பிரிந்தது. துத்தநாகத் தாதுவோ நான்கு மடங்கே கனமுடையது. அதனோடு கலந்திருந்த வெறுங்கற்களுட் சிலவும் ஏறக்குறைய அத்துணைக் கனமே. கனத்தால் வேறுபடாதவற்றை நீர் எங்ஙனம் வேறுபடுத்தும்? ஆகவே துத்தநாகம் கழிவோடு கழிவாய் மலைபோற் குவிந்து கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கனத்தை விடுத்துத் துகளின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்ட மிதப்பு முறையே அதனை மீட்டது.

தாதுவை மாவாக அரைத்து, நீரிற் குழைத்து, வேண்டிய தாதுவின்மேல் மட்டும் படியும் மருந்தொன்றைச் சேர்ப்பர். பின்னர் அத்துகள் தாமரையிலைபோல் நீரொட்டாது, காற்றுக் குமிழியை அணைந்து மேலேறும். ஆனால் வெறுநீரிற் தோன்றும் குமிழி மேற்பரப்பை எட்டியவுடன் உடையும்; சுமையும் வீழும். கரையேறும்வரை குமிழியைக் காப்பதே நுரைதரும் பொருளின் தொண்டு.

பைன் எண்ணெய், கிரெஸிலிக் அமிலம், சிலவகை ஆல்கஹால்கள் ஆகியன இத்தகையன. புரோக்கன் ஹில்லில் யூகலிப்டஸ் தைலமே பயன்பட்டது. தலைவலிக்கு நாம் தடவும் நீலகிரித் தைலமும் அவ்வினத்ததே, அம்மரமும் ஆஸ்திரேலியாவினின்று வந்ததே. இவற்றின் மூலக்கூற்றில் ஒருமுனை நீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும்; ஆதலின் அவை தலையை நீரிலும் வாலைக் காற்றிலும் வைத்துக் குமிழியின் தோலில் நெருங்கி நிற்கும். தோல் ஓரிடத்தில் மெலியுமாயின், அவ்விடத்து மூலக்கூறுகள் அருகிப் பரப்பிழுவிசை மிகும். அவ்விசை அயலிலுள்ள நீரை ஈர்த்து மெலிவை நிரப்பும். குமிழி தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்வதுபோலும் இது!

சவர்க்காரம் போதாதோ எனின், அதன் நுரை எளிதில் அடங்காது. அன்றியும் அது வேண்டாத துகள்களையும் பற்றும். தொட்டியைக் கடந்த நுரை உடனே அடங்கவேண்டும். அடங்காத நுரையைக் குழாயிற் செலுத்துவதும் வடிகட்டுவதும் பெருந்தொல்லை.

அளவோ மிகச் சிறிது: ஒரு டன் தாதுவிற்குச் சில பத்துக் கிராம்களே போதும். ஸல்மன், பிக்கார்டு, பால்லட் ஆகியோர் 1905-இல் பெற்ற காப்புரிமையும் நூற்றுக்கு ஒன்றினும் குறைந்த எண்ணெயையே பற்றியது. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1916-இல் அதனை ஏற்றதும், மொன்டானாவிலிருந்த ஒரு சுரங்கத்தார் உரிமைப்பணம் கொடாதிருத்தற்பொருட்டு நூற்றுக்கு ஒன்றினும் மிகுதியாக எண்ணெயை ஊற்றினர். சட்டத்திற்கு அஞ்சி எண்ணெயை வாரியிறைத்த விந்தை வேறெங்கும் உண்டோ, அறியோம்.

நுரைமருந்து குறைந்தால் உலோகம் கழிவிற் போகும். மிகுந்தால் சேறும் நுரையோடேறி உலையைச் சேரும். நுரையின் நிறத்தையும் குமிழியின் பருமனையும் கண்ணாற் கண்டே மருந்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தனர் பழகிய தொழிலாளர். இன்று சில ஆலைகளில் அவர்க்குத் துணையாகக் காமிராவும் நுரையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது.