மிதிவண்டி துருப்பிடித்தலும் வீட்டுப் பாதுகாப்பும்

ஓட்டாமல் நிறுத்தி வைக்கப்படும் மிதிவண்டியின் எஃகுப் பாகங்கள் காற்றிலுள்ள ஆக்சிசனுடனும் ஈரத்துடனும் வினைபுரிந்து, நீரேறிய இரும்பு ஆக்சைடாக மாறுவதே மிதிவண்டி துருப்பிடித்தல் ஆகும். தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில், பதினொன்றாம் வகுப்பில் வண்டி கிடைக்கிறது. இரண்டு ஆண்டுகளில் மாணவர் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டால் வண்டி வீட்டில் நின்றுவிடுகிறது. தம்பியோ தங்கையோ எடுக்கும்போது செயின் இறுகி, ரிம் செதிலாக உரிந்திருக்கும்.

நிற்கும் இடம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ள மணலூர்பேட்டை போன்ற ஊர்களில் கடலோர உப்புக்காற்று இல்லை. இங்கு மழைக்கால ஈரமும் வண்டி நிற்கும் மூலையுமே முதன்மைக் காரணங்கள். வேளாண் வீடுகளில் வண்டியை உர மூட்டைகளுக்கு அருகே சாய்த்து வைப்பது வழக்கம். பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பு. அதன் தூள் ஈரத்தை இழுத்துத் துருவை விரைவுபடுத்தும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றின் ஆவியும் அப்படியே. மாட்டுக்கொட்டகையில் எழும் அம்மோனியா பித்தளை உறுப்புகளில் விரிசல் உண்டாக்கக்கூடியது.

ஈரச்சாக்கைப் போர்த்துவது போர்த்தாமல் விடுவதைவிடக் கெடுதல். நீர்த்துளியின் ஓரத்தில் ஆக்சிசன் மிகுதி, நடுவில் குறைவு. ஆக்சிசன் குறைந்த நடுப்பகுதியில்தான் இரும்பு கரைகிறது. சாக்கு ஒட்டிய இடத்தில் குழி விழுவது இதனால்தான். இறுகச் சுற்றிய பிளாஸ்டிக் தாளின் உள்ளேயும் இரவில் வியர்வைபோல் நீர் படியும். பழைய பருத்தி வேட்டியைத் தளர்வாகப் போர்த்தினால் தூசியும் அடங்கும், காற்றும் புகும். வண்டியை மண் தரையில் விடாமல் பலகை மீது நிறுத்த வேண்டும். ஆணியில் தொங்கவிட முடிந்தால் இன்னும் நல்லது.

எண்ணெய்

தேங்காய் எண்ணெய் பூசுவது பலர் வீட்டு வழக்கம். நாளடைவில் அது சிக்குப்பிடித்துக் கொழுப்பமிலங்களாகச் சிதைவதால் பயன் குறைவு. சூரியகாந்தி எண்ணெய் பிசினாகிவிடும். செயினுக்கும் பிரீவீலுக்கும் தையல் மிஷின் எண்ணெய் போதும். பூசும் முன் துடைத்து வெயிலில் உலர்த்துவது கட்டாயம், இல்லாவிட்டால் ஈரம் எண்ணெய்க்கு அடியில் மாட்டிக்கொள்ளும். குரோம் பூசிய ஹேண்டில்பார், ரிம் ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. வாசலின் மெல்லிய படலமாகத் தடவினால் அவை அடைபடும். பிரேக் கட்டை உராயும் பகுதியில் மட்டும் எதையும் தடவக் கூடாது.

சீட் கம்பியைக் கழற்றி கிரீஸ் தடவிப் பொருத்துவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். அந்த வழியாக இறங்கும் மழைநீர் பெடல் அச்சுள்ள அடிக்கூட்டில் தேங்கி, சட்டத்தை உள்ளிருந்தே அரிக்கும்.

துருவேறிய பிறகு

மேல்துருவை உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிக்கலாம். புளி, எலுமிச்சைச் சாறு ஆகியவை துருவைக் கரைக்கும் அமிலங்கள். கழுவி, உலர்த்தி, உடனே எண்ணெய் இடாவிட்டால் மறுநாளே செம்மை திரும்பும். இறுகிய செயினை மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்தால் பெரும்பாலும் இளகும். அடிக்கூட்டை ஒட்டிய குழாயில் ஆணி முனையால் அழுத்தும்போது தகடு உள்வாங்கினால், வண்டியை வெல்டிங் கடைக்குக் கொண்டுசெல்லும்வரை யாரும் ஓட்டக் கூடாது.