தெளிந்த நீரில் மீன் ஏன் தவித்தது?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டுத் தோட்டத்தில் 2,000 லிட்டர் கொள்ளும் சிமென்ட் தொட்டி கட்டி, கோய் மீன்கள் விட்டிருக்கிறார். ஃபில்டரிலும் குறை வைக்கவில்லை. பெட்டி நிறைய செராமிக் ரிங், மேலே ஸ்பாஞ்ச், போதாதென்று யு.வி. விளக்கு. பத்தாம் நாள், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்திருக்கின்றன. கடைக்காரரிடம் ஓடியிருக்கிறார். "ஃபில்டர் இன்னும் செட் ஆகலை சார், இந்த பாக்டீரியா பொடியைப் போடுங்க" என்று அவர் ஒரு டப்பாவைக் கொடுத்திருக்கிறார். ஒரு பிளாஸ்டிக் பெட்டி செட் ஆவது என்றால் என்ன, பொடி வேலை செய்யுமா என்பது வாசகரின் கேள்வி.

கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை. மறுபாதி வியாபாரம்.

நீரின் தெளிவுக்கும் மீனின் உயிருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. யு.வி. விளக்கு மிதக்கும் பாசியைக் கொல்லும், ஸ்பாஞ்ச் அழுக்கைப் பிடிக்கும். மீன் தன் செவுள் வழியே ஓயாமல் வெளியேற்றுகிற அம்மோனியா நிறமில்லாமல் கரைந்து கிடக்கும். அது இரண்டுக்கும் சிக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 சதவீதம் புரதம் உள்ள தீனியை நாளொன்றுக்கு 50 கிராம் போட்டால், அதில் சுமார் 1.6 கிராம் நைட்ரஜன் அம்மோனியாவாகத் தண்ணீருக்கு வரும். 2,000 லிட்டருக்கு வகுத்தால் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம். மறுநாள் இன்னொரு 0.8. பத்து நாளில் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதில் எவ்வளவு விஷம் என்பதை பி.எச். முடிவு செய்கிறது. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7.5 உள்ள காலை நேரத்து நீரில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் செவுளுக்குள் எளிதாக நுழையும் வடிவில் இருக்கும். சுவரெல்லாம் பாசி படிந்த தொட்டியில் பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை நடந்து, கரியமில வாயு தீர்ந்து, பிற்பகலில் பி.எச். 9-ஐத் தொட்டால் ஏறத்தாழப் பாதி அந்த வடிவுக்கு மாறிவிடும். காலையில் துள்ளிக்கொண்டிருந்த மீன் மூன்று மணிக்கு மிதந்தால் யார் கண்ணும் பட்டுவிடவில்லை.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள், செராமிக் ரிங், ஸ்பாஞ்ச் போன்ற மீடியாவில் ஒட்டிக்கொண்டு, தொட்டியின் அன்றாட அம்மோனியாவைச் சமாளிக்கும் அளவுக்குப் பெருகுவதைத்தான் 'செட் ஆவது', 'சைக்கிள் ஆவது' என்கிறார்கள். நைட்ரஜன் சுழற்சிப் படத்தை எல்லோரும் பள்ளியில் அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறோம், அதை விட்டுவிடுகிறேன். அந்தப் படத்தில் இல்லாத ஒன்றுதான் எனக்குப் பிடித்த விஷயம்: ஏன் இத்தனை தாமதம்? நம் குடலில் வாழும் ஈ.கோலை, வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் நைட்ரோசோமோனாஸ் இரண்டாக, சூடும் ஆக்சிஜனும் தாராளமாகக் கிடைத்தாலும், அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகும்.

எல்லாம் வரவு செலவுக் கணக்குதான். ஈ.கோலை வாடகை வீட்டுக்காரர். சர்க்கரை, புரதம் என்று யாரோ கட்டி முடித்த கரிமப் பொருளுக்குள் பெட்டி படுக்கையோடு போய் இறங்கிவிடுவார். நைட்ரோசோமோனாஸ் சொந்த வீடுதான் கட்டுவேன் என்று நிற்கிற பேர்வழி. செங்கல்லைக்கூட விலைக்கு வாங்க மாட்டார். தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவைப் பிடித்து, தானே கல் அறுத்து, தானே சூளை வைக்க வேண்டும். அதற்கான காசு தினக்கூலியில் வர வேண்டும். கூலி என்பது அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்ப்பதில் கிடைக்கும் ஆற்றல்: மோலுக்குச் சுமார் 275 கிலோ ஜூல். ஒரு மோல் குளுக்கோஸை முழுதாக எரித்தால் 2,800-க்கு மேல் கிடைக்கும், வித்தியாசத்தைப் பாருங்கள். கைக்கு வந்த கூலியிலும் பிடித்தம் உண்டு. கரியமில வாயுவைக் கல்லாக்க உயர்ந்த ஆற்றல் நிலையில் எலக்ட்ரான்கள் வேண்டும். அம்மோனியா தருகிற எலக்ட்ரான்களோ தாழ்ந்த நிலையில் கிடப்பவை. அவற்றை மேட்டில் ஏற்ற, சம்பாதித்ததிலிருந்தே செலவழிக்க வேண்டும். வேதியியலில் இதற்கு எதிர்த்திசை எலக்ட்ரான் ஓட்டம் என்று பெயர். வீடு கட்டுகிறவர் பாஷையில், கூலியில் பெரும்பகுதி வண்டி வாடகைக்கே போய்விடுகிறது.

அடுத்த வீட்டுக்காரரான நைட்ரைட் பாக்டீரியாவின் பாடு இன்னும் மோசம். அவருக்குக் கூலி மோலுக்கு 74 கிலோ ஜூல் அளவுதான். நைட்ரோபேக்டர் ஒரே ஒரு கரியமில வாயு மூலக்கூறைத் தன் உடம்பில் சேர்க்க ஏறத்தாழ 100 நைட்ரைட் மூலக்கூறுகளைக் கையாள வேண்டியிருக்கிறது. முதல் வீட்டுக்காரர் வேலையை ஆரம்பித்து நைட்ரைட் வெளியே வரும்வரை இவருக்கு வேலையும் இல்லை, சோறும் இல்லை. போதாக்குறைக்கு, அம்மோனியா மிகுந்த நீர் இவரை முடக்கவும் செய்யும். அதனால்தான் சோதனைத் துளி மருந்தில் அம்மோனியாவின் பச்சை மங்கி மஞ்சளாகிறபோது சந்தோஷப்பட்டவர்கள், அதற்குப் பிறகும் நைட்ரைட்டின் ஊதா வாரக்கணக்கில் மாறாமல் நிற்பதைப் பார்த்து நொந்துபோகிறார்கள். நம்மூரின் 28, 30 டிகிரி நீரில் மொத்த வேலைக்கும் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இங்கிலாந்தில் கோய் வளர்ப்பவர்கள் இன்னும் பாவம். 10 டிகிரிக்குக் கீழே போனால் கட்டட வேலை அநேகமாக நின்றே போகும். இதற்கு மேல் உவமையை இழுத்தால் பட்டா, பத்திரப் பதிவு என்று போய்விடும். ஆனாலும் இன்னொரு முறை இழுப்பேன்.

வரலாறு இல்லாமல் கட்டுரை ஏற்கப்படாது என்பதால் ஒரு பத்தி. 1877-இல் பாரிஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரைச் சொட்டவிட்டார்கள். இருபது நாள் வரை ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், வேலை நின்றது. ஆக, உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை. பெட்டி செட் ஆவதை முதன்முதலில் ஒழுங்காகக் கவனித்தவர்கள் இவர்கள்தான். 1890-இல் வினோகிராட்ஸ்கி அந்த உயிர்களைப் பிரித்தெடுத்தார். மீன்தொட்டியில் இரண்டாம் கட்ட வேலை நைட்ரோபேக்டருடையது என்று புத்தகங்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் ஹோவனெக் குழு காட்டியது. 2015-இல் இன்னொரு அதிர்ச்சி: இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியம் தனியாளாகச் செய்து முடிக்கிறது என்று இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. அதில் ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம் மீன்வளர்ப்புத் தொட்டி ஒன்றின் ஃபில்டர். பொடி டப்பாக்களின் லேபிளில் இன்னும் நைட்ரோபேக்டர்தான் இருக்கிறது.

மீடியாவுக்கு வருவோம். இந்த பாக்டீரியாக்கள் நீரில் நீந்திக்கொண்டிருப்பதைவிட ஒட்டி வாழ்வதையே விரும்பும். தாமே சுரக்கும் பசையில் கூட்டமாகப் புதைந்து கிடக்கும். செட் ஆன ஸ்பாஞ்சை விரலால் தடவினால் வழவழவென்று படுவது அதுதான். நுண்ணோக்கியில் சாயமேற்றிப் பார்த்தால் அம்மோனியா பாக்டீரியாக்கள் நெருக்கமான உருண்டைகளாகவும், நைட்ரோஸ்பைரா அவற்றை ஒட்டியே கொத்துகளாகவும் தெரியும். நைட்ரைட் வெளியே வரும் வாசலிலேயே கடை போட்டாயிற்று. இந்தப் படலத்துக்குள் ஆக்சிஜன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம்வரை போனாலே அதிகம்.

ஆகவே, ஒரு லிட்டர் செராமிக்கில் ஒரு கால்பந்து மைதானப் பரப்பு இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்தக் கணக்கில் பெரும்பகுதி பாக்டீரியமே நுழைய முடியாத நுண்துளைகளின் உட்சுவர். நுழைந்தாலும் உள்ளே ஆக்சிஜன் போய்ச் சேராது. பெரிய துளைகள் சில மாதத்தில் அழுக்கில் அடைந்துவிடும். 1980-களின் இறுதியில் நார்வேயில் கழிவுநீருக்காக உருவான சக்கர வடிவ பிளாஸ்டிக் மீடியா, கே1 என்பார்கள், லிட்டருக்கு அரை சதுர மீட்டர் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. சதுர மீட்டருக்கு நாளுக்கு 0.2 கிராம் நைட்ரஜன் என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும், நம் வாசகரின் 1.6 கிராமுக்கு 8 சதுர மீட்டர், அதாவது 16 லிட்டர் போதும். மைதானம் எதற்கு?

கே1-இல் எனக்குப் பிடித்தது வேறு. புதிதாகப் போட்டால் வெள்ளை வெளேரென்று மேலே மிதந்து அடம்பிடிக்கும். கீழிருந்து எவ்வளவு காற்றைக் குமிழியாக விட்டாலும் மூலையில் போய் ஒதுங்கும். வாரங்கள் போகப் போக பழுப்பேறும், படலத்தின் எடையில் தாழும். ஒரு நாள் எல்லாம் சேர்ந்து மேலும் கீழுமாகப் புரள ஆரம்பிக்கும். வேலை நன்றாக நடக்கிறது என்பதற்கு இது பாதி அத்தாட்சி. மீதியைத் துளி மருந்துதான் சொல்ல வேண்டும்.

பொடி விஷயம். அலமாரியில் வருடக்கணக்கில் காய்ந்த நிலையில் உயிரோடு இருப்பவை பேசில்லஸ் மாதிரி வித்துறை போட்டுக்கொள்ளும் இனங்கள். அவை மிச்சத் தீனியைத் தின்னும், கெடுதல் இல்லை. ஆனால் வாடகை வீட்டு வகையறா. நைட்ரோசோமோனாஸும் நைட்ரோஸ்பைராவும் வித்துறை போடத் தெரியாதவை. சித்திரை வெயிலில் லாரியில் வந்து கடை அலமாரியில் காயும் டப்பாவில் அவற்றை எதிர்பார்ப்பது பேராசை. குளிர்ச்சியாக வைத்து விற்கும் திரவக் குப்பிகளில் உயிருள்ளவை இருக்கக்கூடும், அவை சில நாட்களை மிச்சப்படுத்தவும் கூடும். அதைவிட உறுதியான வழி, நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு ஸ்பாஞ்சோ ஒரு படி கே1-ஓ கேட்டு, தொட்டி நீரிலேயே நனைத்து, காயாமல் கொண்டுவந்து நம் பெட்டியில் போடுவது. குடியிருப்பவர்களோடு வீட்டையே பெயர்த்துக் கொண்டுவருகிற வேலை இது. பழைய தொட்டித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவருவதால் பெரிய லாபமில்லை. அவர்கள் தண்ணீரில் இல்லை.

மீன் விடுவதற்கு முன்பே தொடங்குகிறவர்களுக்கு நல்ல காலம். அம்மோனியம் குளோரைடு, அதாவது பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வைத்திருக்கும் அதே நவச்சாரம், சுமார் 15 கிராம் போட்டால் 2,000 லிட்டரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரஜன் கிடைக்கும். பூச்சு வேலைக்கான கட்டி வேண்டாம், ரசாயனக் கடையின் தூய ரகம் வாங்குங்கள். போட்ட மறுநாளே அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் மீனைக் கொண்டுவரலாம், கொஞ்சம் கொஞ்சமாக.

கோவைக்காரருக்கு அந்த அவகாசம் இல்லை. தீனியைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். இரண்டொரு நாள் பட்டினி கிடந்தால் கோய் சாகாது. தினமும் கால் பங்கு நீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரென்றால் ஹைப்போ போட்டு குளோரினை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். இல்லாவிட்டால் அத்தனை நாள் கட்டியதும் காலி. நைட்ரைட் ஏறும் வாரங்களில் அது மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்யும். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு, உங்கள் தொட்டிக்கு இரண்டு கிலோ, போட்டால் குளோரைடு முந்திக்கொண்டு செவுளில் நைட்ரைட்டின் வழியை மறிக்கும்.

இன்னொன்று, சிறுவாணி மாதிரி மென்னீர் வருகிற ஊர்களுக்கு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது சுண்ணாம்புக் கணக்கில் சுமார் 7 கிராம் காரத்தன்மை கரைந்து போகிறது. போர்வெல் உப்பு நீரில் இது தெரியாது. மென்னீரில், அதுவும் ஐப்பசி மழை தொட்டியில் விழுந்தபின், சரக்கு தீர்ந்து பி.எச். சரிந்து, பாக்டீரியா பாதி வேலையில் நின்றுவிடும். ஒரு பை நிறையக் கிளிஞ்சலை ஃபில்டரில் தொங்கவிடுங்கள், போதும்.

மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் லேசாக அலசினால் போதும். பைப்படியில் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் சுத்தக்காரர்களை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. மின்வெட்டில் மூடிய பெட்டி நாலைந்து மணி நேரம் நின்றுவிட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து நாற்றம் வரும். மின்சாரம் வந்ததும் அவசரப்பட்டு மோட்டாரைப் போடாமல், பெட்டியில் இருக்கும் அந்த நீரை முதலில் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.