ஐஸ் ஹவுஸில் ஒரு விடுதி

பாகூர் புதுச்சேரி நகருக்குத் தெற்கே. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு வடக்கே. இடைத்தூரம் சுமார் 30 கிலோமீட்டர். வில்லியனூரிலிருந்து தூரம் குறைவுதான், ஆனாலும் மாணவிக்கு மாலை வகுப்பு நீண்டால் வீட்டில் கவலை தொடங்கிவிடும். எந்தக் கட்டணச் சலுகையும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. தங்க இடம் வேண்டும்.

இதை 1912-லேயே செய்து காட்டியவர் சகோதரி சுப்பலட்சுமி. சிறுவயதில் மணமாகி, விரைவிலேயே கணவரை இழந்தவர். 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். எழும்பூரில் தன் வீட்டிலேயே சில இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். பெண்கள் பெருகியதும் இல்லம் மெரினாவின் ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. ஒருகாலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கட்டடம்! 1914-ல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியும் அதே கடற்கரைச் சாலையில்தான். ஐஸ் ஹவுஸ் இல்லத்தில் தங்கிப் படித்த பலர் ஆசிரியைகளானார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: அந்த இல்லம் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். அருகிலுள்ள தமிழ்நாட்டில் 2022 முதல் புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. நல்ல உதவி. ஆனால் நகரத்தில் தனி அறைக்கு அது போதாது. நான்கைந்து பேர் வாடகையையும் அடுப்பையும் பகிர்ந்துகொண்டால் கணக்கு மாறும். பொறுப்பான காப்பாளர் ஒருவர் இருந்தால் பெற்றோரும் சம்மதிப்பார்கள்.