விருப்பமான இசை வீட்டில் இருக்கட்டும்

கீமோதெரபி மருந்து உடலில் ஏறும் நேரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சிலர் காலையில் வந்து மாலையில்தான் வீடு திரும்புவர். அந்த நேரத்தைக் கடக்கப் பலர் இசையை நாடுகின்றனர். நல்ல வழக்கம்தான். ஆனால் எந்த இசையைக் கேட்பது என்பதில் சற்றுக் கவனம் வேண்டும். உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான இசையைச் சிகிச்சை அறைக்குக் கொண்டுவராதீர்கள். அதைப் போன்ற வேறோர் இசையைத் தேடிக் கொண்டுவாருங்கள்.

இவ்வாறு கூறுவதற்குக் காரணம் உண்டு.

மனம் எதன்மீது பழியைப் போடுகிறது?

1978ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் இலீன் பெர்ன்ஸ்டைன் ஓர் ஆய்வை வெளியிட்டார். கீமோதெரபி பெறவிருந்த குழந்தைகளுக்கு, அவர்கள் முன்பு சுவைத்திராத ஓர் ஐஸ்கிரீம் சிகிச்சைக்குச் சற்றுமுன் கொடுக்கப்பட்டது. சில வாரங்களுக்குப் பின் அதே ஐஸ்கிரீமை மீண்டும் அளித்தபோது அவர்களில் பலர் அதை ஒதுக்கினர். குமட்டலை உண்டாக்கியது மருந்து. பழியைச் சுமந்தது ஐஸ்கிரீம்.

பின்னர் இதே உண்மையை நோயாளிகளுக்கு நன்மையாகவும் பயன்படுத்தினர். உணவுக்கும் சிகிச்சைக்கும் இடையே அழுத்தமான சுவையுள்ள மிட்டாய் ஒன்றைக் கொடுத்தபோது, வெறுப்பு பெரும்பாலும் அந்த மிட்டாயின்மீது விழுந்தது. அன்றாட உணவு தப்பியது.

இத்தகைய பிணைப்பு சுவையோடு நின்றுவிடுவதில்லை. சிகிச்சைப் பிரிவின் வாடை, சிவப்பு நிற மருந்துப் பை, செவிலியரின் சீருடை ஆகியவற்றைக் கண்டதும் அல்லது உணர்ந்ததும், மருந்து ஏறுவதற்கு முன்பே குமட்டல் தொடங்குவது உண்டு. இதனை 'முன்கூட்டிய குமட்டல்' என்கிறோம். இது மனத்தளர்ச்சியின் அடையாளம் அன்று. மூளை இயல்பாகக் கற்றுக்கொள்ளும் பாடம். சுவையில் காணப்படும் அதே வலிமையோடு இசையிலும் இது நிகழும் என்று கூற இயலாது. ஆயினும் ஒரே பாடல் ஒவ்வொரு முறையும் அதே நாற்காலியில், அதே ஊசியோடு ஒலித்தால், நாளடைவில் அந்த நாற்காலியின் நினைவு அதில் ஒட்டிக்கொள்ளக்கூடும். சிகிச்சை முடிந்தபின்பும் நீங்கள் மகிழ்ந்து கேட்க வேண்டிய இசை அது. அதை வீட்டுக்கென ஒதுக்கிவைப்பதே பாதுகாப்பு.

ஒப்பான இசையை எப்படித் தேடுவது?

விருப்பமான இசையில் உங்களை ஈர்ப்பது எது என்று பிரித்துப் பார்ப்பதே முதற்படி. திரைப்படத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால், அதே வகைக் கதையுள்ள வேறு படங்களின் இசைதான் கிடைக்கும், மனநிலை மாறுபட்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. சிந்தசைசர் இசையை விரும்புவோர் பலர் முதலில் குறிப்பிடுவது, ரிட்லி ஸ்காட் இயக்கி 1982இல் வெளியான 'பிளேட் ரன்னர்' படத்தின் பின்னணி இசையை. 2019ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மழையும் இருளும் விளக்கொளியுமாகக் கற்பனை செய்த படம் அது. கிரேக்க நாட்டைச் சேர்ந்த வாங்கெலிஸ் (1943–2022) அதற்கு இசையமைத்தார். அவ்விசையில் முதன்மையாக ஒலிப்பது யமஹா நிறுவனத்தின் சி.எஸ்.-80 என்னும் சிந்தசைசர். அதன் ஒவ்வொரு கட்டையும் விரலின் அழுத்தத்தைத் தனித்தனியே உணரும். ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்களுள் ஒன்றை மட்டும் உயர்த்தவோ நடுங்கச் செய்யவோ முடியும். மின்கருவியின் ஒலியில் மனிதக் குரலின் நெகிழ்வு தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்விசையின் இயல்புகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, ஒலி தட்டியெழுவதில்லை; மெல்லத் தோன்றி மெல்ல மறைகிறது. இரண்டாவது, பெரிய மண்டபத்தில் கேட்பதுபோன்ற நீண்ட எதிரொலி. மூன்றாவது, பல பகுதிகளில் தாளம் இல்லை. நீண்ட சுரக்கூட்டுகள் மட்டும் உள்ளன. நான்காவது, ஏக்கம் நிறைந்த மெட்டு. இவற்றுள் உங்களைத் தொடுவது எதுவோ, அதன் வழியே தேடுங்கள்.

மெட்டுதான் ஈர்க்கிறது என்றால், வாங்கெலிஸ் 1983இல் 'அண்டார்க்டிகா' என்ற ஜப்பானியப் படத்துக்கு அமைத்த இசை பொருந்தும். விரிந்த வெளியும் எதிரொலியும் வேண்டுமெனில், பிரையன் ஈனோ தம் தம்பி ரோஜர் ஈனோ, டேனியல் லன்வா ஆகியோருடன் இணைந்து, நிலவுப் பயணங்களைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உருவாக்கிய 'அப்போலோ' (1983) உள்ளது. தாளமற்ற அமைதியை நாடுவோருக்கு ஸ்டீவ் ரோச்சின் 'ஸ்ட்ரக்சர்ஸ் ஃபிரம் சைலன்ஸ்' (1984) ஏற்றது. அதில் மூன்றே நீண்ட பகுதிகள். முற்றிலும் அமைதியாக இருந்தால் மனம் அலைபாயும் என்போருக்கு, சில பகுதிகளில் மெல்லிய துடிப்பு ஓடும் 'ஃபேட்ரா' (1974) பிடிக்கலாம். அது ஜெர்மானியக் குழுவான டேஞ்சரின் டிரீமின் படைப்பு. நாள் முழுவதும் சிகிச்சை பெறுவோருக்கு, மாக்ஸ் ரிக்டரின் எட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட 'ஸ்லீப்' (2015) உண்டு. அதில் பியானோவும் வயலின் குடும்பக் கருவிகளும் சிந்தசைசரோடு கலந்து ஒலிக்கும்.

இவ்வகை இசைக்கும் நோய்ப்படுக்கைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விபத்துக்குள்ளாகிப் படுக்கையில் இருந்த பிரையன் ஈனோவுக்கு, ஒரு தோழி யாழ் போன்ற ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதை ஓடவிட்டபின்தான் ஒலி மிகவும் குறைவாக இருப்பதும் ஒரு பக்க ஒலிபெருக்கி வேலை செய்யாததும் தெரிந்தன. எழுந்து சரிசெய்ய அவரிடம் வலு இல்லை. அறையின் வெளிச்சத்தோடும் மழையோசையோடும் கலந்து, கேட்டும் கேளாமலும் ஒலித்த அந்த இசை அவருக்குப் புதிய வழியைக் காட்டியது. அதே ஆண்டு 'டிஸ்கிரீட் மியூசிக்' தொகுப்பை வெளியிட்டார். கவனித்தால் கேட்கும், கவனிக்காவிட்டால் தொந்தரவு செய்யாது என்னும் தன்மையே இவ்விசையின் அடிப்படை. உடல் சோர்ந்தவருக்கு அது பொருந்துவதில் வியப்பில்லை.

கவனிக்க வேண்டியவை

சிகிச்சைக்கென எடுத்த இசையை வீட்டில் ஒருமுறை முழுமையாகக் கேட்டுப் பாருங்கள். இவ்வகையில் சில படைப்புகள் இருண்ட, அச்சமூட்டும் ஒலிகளைக் கொண்டவை. 1994இல் வெளியான 'பிளேட் ரன்னர்' இசைத்தொகுப்பிலேயே படத்தின் வசனங்கள் இடையிடையே ஒலிக்கும். கண்ணயர்ந்தவரை அவை எழுப்பிவிடும்.

ஒரு காதை எப்போதும் திறந்து வைத்திருங்கள். மருந்தேற்றும் கருவியின் எச்சரிக்கை ஒலியும் செவிலியரின் குரலும் உங்களுக்குக் கேட்க வேண்டும். மருந்து ஏறும் இடத்தில் எரிச்சல், நெஞ்சில் இறுக்கம், அரிப்பு, குளிர் நடுக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், பாட்டு முடியட்டும் என்று காத்திராமல் உடனே சொல்லுங்கள்.

ஒலியளவைக் குறைவாக வையுங்கள். குறிப்பாக, சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து சிலருடைய செவித்திறனைப் பாதிக்கக்கூடியது. காதில் இரைச்சல் கேட்டாலோ, முன்பு தெளிவாகக் கேட்ட ஒலி மங்கினாலோ, ஒலியைக் கூட்டாதீர்கள், மருத்துவரிடம் தெரிவியுங்கள். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் இயர்போனைப் பிறரோடு பகிராதீர்கள். துடைத்துத் தூய்மையாகப் பயன்படுத்துங்கள்.

உடன் இருப்போர் முந்தைய நாளே இசையைக் கைப்பேசியில் பதிவிறக்கி வைத்தால் நோயாளிக்கு ஒரு வேலை குறையும். ஆனால் எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும். அவர் இயர்போனைக் கழற்றிவிட்டுப் பேச விரும்பினாலும், பேசாமல் இருக்க விரும்பினாலும் அதுவும் நல்லதே.

இசையிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பதற்றத்தைப் பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அறிக்கை (2013), இசை கேட்பது பதற்றத்தைக் குறைக்க உதவக்கூடும் என்று கூறியது. அந்த அளவுக்கு அது துணை. குமட்டலுக்கான மாத்திரைக்கு அது மாற்றாகாது. முதல் சுற்றிலேயே குமட்டலை நன்கு கட்டுப்படுத்தினால், முன்கூட்டிய குமட்டல் தோன்றும் வாய்ப்பும் குறையும். ஆகவே தரப்பட்ட மாத்திரைகளைச் சொன்ன நேரத்தில் உட்கொள்ளுங்கள். அப்படியும் குமட்டல் இருந்தால், பொறுத்துக்கொள்ளாமல் அடுத்த சுற்றுக்கு முன் எங்களிடம் கூறுங்கள். மருந்தை மாற்றியமைக்க வழி உண்டு.

சிகிச்சைச் சுற்றுகள் முடிந்தபின், நாற்காலியில் கேட்ட இசையைத் திரும்பக் கேட்க உங்களுக்கு மனமில்லாமல் போகலாம். அதனால் இழப்பு ஒன்றுமில்லை. அதன் வேலை முடிந்தது. வீட்டில் விட்டுவந்த இசை அன்றும் உங்களுடையதாகவே இருக்கும்.